உட்கார்ந்தால் நார்மல், ஏறினால் இரைப்பு

நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து குணமான பிறகும் மூச்சு இரைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு எக்கோ நார்மல், ஊதிப் பார்க்கும் டெஸ்ட் நார்மல், உட்கார்ந்திருந்தால் ஆக்சிஜன் 98. ஆனால் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் நின்றுவிடுவேன். எல்லாம் மனப்பயம்தான் என்று சொன்னவர்கள் உண்டு. அது எவ்வளவு வலிக்கும் என்று இரைப்பு உள்ளவர்களுக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "உட்கார வச்சுப் பார்த்தா தெரியாது சார், மிதிக்க வச்சுத்தான் பார்க்கணும்" என்றார். சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சையும் இதயத்தையும் அளக்கும் டெஸ்ட் (CPET) அது. காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார். நாம் நிமிர்ந்து இருக்கும்போது ரத்தம் பெரும்பாலும் நுரையீரலின் அடிப்பகுதிக்குத்தான் போகும், மேல்நுனிக்குக் கொஞ்சம்தான். உடற்பயிற்சியில் இதயம் அனுப்பும் ரத்தம் நிமிடத்துக்கு 5 லிட்டரிலிருந்து 15, 20 லிட்டர் வரை கூடும். அப்போது மேலே மூடிக்கிடந்த நுண்குழாய்களும் திறந்துகொள்ளும். ஓய்வில் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காற்று ரத்தத்தைத் தொடாமலே வீணாகிறது. நன்றாக இருப்பவர்களுக்குப் பயிற்சியின்போது அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பழைய கட்டி வடுவாகிக் குழாயை அடைத்திருந்தால் அப்படிக் குறையாது. "லோடு வந்து இறங்கிட்டு, ஏத்திட்டுப் போக வண்டியில்ல" என்றார் டாக்டர். காற்றுதான் லோடு, ரத்தம்தான் வண்டி. எனக்குச் சட்டென்று புரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரல் நுண்குழாயைக் கடக்க முக்கால் விநாடி ஆகும். கடும் பயிற்சியில் அது கால் விநாடி அளவுக்குச் சுருங்கும். அந்த அவசரத்திலும் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுதான் போகுமாம். எத்தனை பெரிய ஏற்பாடு நமக்குள்!

டெஸ்ட் அன்று நெஞ்சில் ஈசிஜி ஒயர், விரலில் கிளிப், முகத்தில் இறுக்கமான ரப்பர் மாஸ்க். மாஸ்க்கின் வாயை உள்ளங்கையால் அடைத்து ஊதச் சொல்லி, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்த்தார்கள். பேச முடியாது. மூச்சிரைப்பு எவ்வளவு என்று கேட்டு, 0 முதல் 10 வரை எண் போட்ட அட்டையை நீட்டுவார்கள். விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். சைக்கிள் பெடல் போகப் போகக் கனக்கும். "விட்டுராதீய அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம்" என்று டெக்னீஷியன் தம்பி பக்கத்திலேயே நின்றார். நடுவில் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்தார்கள். வலித்தது. ஆனால் வீணாகும் மூச்சைச் சரியாகக் கணக்கிட அது வேண்டுமாம்.

ரிசல்ட்டில் வீண்மூச்சு குறையவேண்டிய அளவுக்குக் குறைந்திருந்தது. ஆக்சிஜனும் இறங்கவில்லை. படுத்தே கிடந்ததில் கால் தசைதான் சோர்ந்துபோயிருக்கிறது, நடக்க நடக்கச் சரியாகும் என்றார் டாக்டர். கேட்டதும் என் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. வீண்மூச்சு குறையாமல் இருந்திருந்தால், காற்றும் ரத்தமும் போகும் இடங்களைத் தனித்தனியாகப் படமெடுக்கும் ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பார்கள்.

டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், சாப்பிடும் மாத்திரைகளை எழுதி எடுத்துப் போங்கள். துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், திரும்பும்போது வண்டி ஓட்டக் காலில் தெம்பு இருக்காது.