முதலில் எழுதுங்கள், அப்புறம் பேசுங்கள்

வகுப்பில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிட்டால் காது கேளாத பிள்ளைக்கு எல்லாம் செய்தாகிவிட்டது என்று பல பள்ளிகள் நினைக்கின்றன. அப்படி நிற்கிறவள் நான். அது மட்டும் போதாது.

பின்னக் கணக்கு நடக்கிறது என்று வையுங்கள். ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே விளக்குகிறார். மற்றப் பிள்ளைகள் காதால் கேட்டபடி பலகையையும் பார்த்துவிடுவார்கள். என் எதிரே இருக்கும் சிறுமிக்கு இரண்டுக்குமே கண்தான். ‘பகுதியைச் சமமாக்கு’ என்று நான் காட்டுவதைப் பார்த்தால், பலகையில் எந்த எண் எதுவாக மாறியது என்பது தவறிவிடும். பலகையைப் பார்த்தால் நான் காட்டியது போய்விடும். குனிந்து நோட்டில் எழுதினால் இரண்டும் போச்சு.

தவிர, ஒரு வாக்கியத்தின் பொருள் பிடிபட்ட பிறகுதான் என் கை நகரும். சில வினாடி பின்னால்தான் இருப்பேன். கேள்வி கேட்டவுடன் முதலில் கை தூக்கியவரை எழுப்பினால், அவளிடம் கேள்வி போய்ச் சேர்வதற்குள் பதில் வந்துவிடும். விடை தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது ரொம்பக் கொஞ்சம். எழுதி முடித்துவிட்டுப் பேசுங்கள். ‘படத்தைப் பாருங்கள்’ என்றால் அவள் பார்த்து முடிக்கும்வரை காத்திருங்கள். ஒளிச்சேர்க்கை மாதிரி புதுச் சொல் வரப்போகிறது என்றால் முதல் நாளே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாடத்தின் நடுவில் எழுத்தெழுத்தாக விரலில் காட்டிக்கொண்டிருப்பேன். வீடியோ போடும்போது விளக்கை முழுதாக அணைக்காதீர்கள்.

‘உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாளே’ என்பவர்கள் கண்ணாடி முன் நின்று ‘பாடு’, ‘மாடு’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய, காது கேளாதோர் கல்விக்கான உலக மாநாடு, சைகையைவிடப் பேச்சுவழிக் கல்வியே சிறந்தது என்று தீர்மானம் போட்டு, பல நாடுகளில் சைகை மொழி வகுப்பிலிருந்து வெளியேறக் காரணமானது. அந்தத் தீர்மானங்களை 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடுதான் நிராகரித்தது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள்!

இன்னொன்று. என்னிடம் ‘அவளுக்குப் புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். அவளைப் பார்த்து ‘உனக்குப் புரிந்ததா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால், என்னை விளக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். ஆசிரியர் நீங்கள்தான். இன்னொரு முறை வேறு விதமாகச் சொல்லுங்கள், நான் காட்டுகிறேன்.