கார்கோ பைலட் ஆக நினைக்கிறீர்களா? ஆஃப் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள்

காட்பாடி, குடியாத்தம், வாலாஜா பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமத்துக்குப் படிக்கிறார்கள். ஊருக்கு வரும்போது என்னைத் தேடி வந்து பேசுவார்கள். சரக்கு விமானம் ஓட்டுகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, பாசஞ்சர் ஏர்லைன்ஸை விட கார்கோவில் லீவு அதிகமாமே?" அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பரீட்சைக்குப் படிக்கும் காலத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டால், பின்னால் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுக்கலாம். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறிவிட்டு வருகிறார்கள். நம் ஸ்டேட் போர்டு இயற்பியலை ஒழுங்காகப் படித்திருந்தால் தொடங்குவதற்கு அது போதும், தமிழ் மீடியம் என்று தயங்க வேண்டியதில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கலை (உடல் தகுதிப் பரிசோதனையை) முடித்துவிடுங்கள். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளில் ஒவ்வொரு தாளுக்கும் 70 சதவீதம் வாங்க வேண்டும், தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். நேவிகேஷனும் வானிலை பற்றிய மெட்டீரியாலஜியும்தான் கஷ்டம் என்று எல்லோரும் அவற்றிலேயே கிடப்பார்கள். ஏர் ரெகுலேஷன்ஸ் தாளை மனப்பாடப் பாடம் என்று கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். பணி நேரம், ஓய்வு நேரம் பற்றிய விதிகள் எல்லாம் அந்தத் தாளில்தான் வருகின்றன. வேலைக்குப் போன பிறகு தினமும் கூடவே வரும் பாடமும் அதுதான்.

பழைய கேள்வித் தொகுப்புகளை நம்பிப் படிப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். வார ஓய்வு 36 மணி நேரம் என்று அவற்றில் இருக்கும். டிஜிசிஏ 2024 ஜனவரியில் விதியைத் திருத்தி அதை 48 மணி நேரம் ஆக்கியது. 2025 ஜூலையிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. இரவு என்பது முன்பு நள்ளிரவு 12 முதல் 5 வரை, திருத்திய விதியில் 12 முதல் 6 வரை. இரவு டூட்டியில் ஆறு லேண்டிங் வரை போகலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். இந்த இரவுப் பகுதி 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. இதையொட்டி டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும், டிஜிசிஏ தற்காலிகமாகச் சில தளர்வுகள் கொடுத்ததும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே தேர்வுக்குப் போகும் மாதத்தில் டிஜிசிஏ தளத்தில் இருக்கும் புதிய விதி நகலை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். சீனியர் கொடுத்த நோட்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, எண்களை விதி நகலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் படிக்காதீர்கள்.

எண்களை மட்டும் உருப்போட்டால் இரண்டே நாளில் குழம்பிவிடும். ஏழு நாளில் அதிகபட்சம் 60 மணி நேர டூட்டி, 28 நாளில் 190, வருஷத்துக்கு 1000 மணி நேரப் பறப்பு, இரண்டு டூட்டிக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரம் அல்லது முந்தைய டூட்டியின் நீளம், இதில் எது அதிகமோ அது என்று வரிசையாக வரும். நான் செய்தது இதுதான். ஒரு கிராஃப் தாளில் நீளமாக ஒரு கோடு. மேலே யுடிசி (நம் நேரத்தை விட ஐந்தரை மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரம்), கீழே நம் நேரம். விடியற்காலை 2 முதல் 6 வரை பென்சிலால் கருப்படித்துக்கொள்வேன். உடம்பு மிகவும் சோர்ந்து கிடக்கும் நேரம் அது, விதிகள் பாதி அதைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ரோஸ்டர், அதாவது கம்பெனி தரும் டூட்டி அட்டவணை, யுடிசியில்தான் வரும் என்பதால் இந்த இரட்டைக் கோடு வேலையிலும் உதவும். செவ்வாய் விடியற்காலை 1 மணிக்கு ரிப்போர்டிங் என்றால் ரோஸ்டரில் திங்கள் 19:30 என்று இருக்கும். வீட்டில் சொல்லும்போது தேதியே மாறிப்போகும்.

இப்போது ஒரு கணக்கு. இதைப் பொறுமையாகப் போட்டுப் பாருங்கள்.

வார ஓய்வு 48 மணி நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், அதற்குள் இரண்டு உள்ளூர் இரவுகள் அடங்க வேண்டும். ஒரு வார ஓய்வு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் 168 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. உள்ளூர் இரவு என்றால் இரவு 10 முதல் காலை 8 வரைக்குள் வரும் எட்டு மணி நேரம். கார்கோ பைலட் ஒருவருக்குத் திங்கள் இரவு 9:30க்கு ரிப்போர்டிங், செவ்வாய் காலை 5:45க்கு டூட்டி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 48 மணி நேரம் எண்ணினால் வியாழன் காலை 5:45. ஆனால் புதன் இரவு 10லிருந்து வியாழன் 5:45 வரை ஏழே முக்கால் மணி நேரம்தான். இரண்டாவது இரவு முழுசாகவில்லை. ஆகவே ஓய்வு வியாழன் 6 மணி வரை நீள வேண்டும். '48' என்று கண்ணை மூடிக்கொண்டு விடை எழுதுபவர் தடுக்கி விழும் இடம் இது.

இதே கணக்கைப் பழைய 36 மணி நேர விதியிலும் போட்டுப் பாருங்கள். அதிலும் இரண்டு உள்ளூர் இரவு என்ற நிபந்தனை இருந்தது. செவ்வாய் இரவு 8 மணிக்கு டூட்டி முடிக்கும் பாசஞ்சர் பைலட்டுக்கு 36 மணி நேரம் என்றால் வியாழன் காலை 8 மணியோடு ஓய்வு முடிந்துவிடும், இரண்டு இரவுகளும் அதற்குள் அடங்கிவிடும். விடியற்காலை 5:45க்கு முடிக்கும் கார்கோ பைலட்டுக்கோ பழைய விதியிலேயே வியாழன் 6 மணி வரை கொடுத்தாக வேண்டும். அதாவது ஓய்வை 48 ஆக்கியதில் மாலையில் வேலை முடிப்பவருக்கு அரை நாள் கூடியது. விடியலில் முடிப்பவருக்கு அந்த ஒரு விதியால் ஏதும் கூடவில்லை. அவருக்கு உண்மையில் உதவுவது இரவு லேண்டிங்கைக் குறைத்த பகுதிதான். கார்கோவுக்குப் போக நினைப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் செய்தித்தாள் படித்துவிட்டு 'இனிமேல் பைலட்டுகளுக்கு இரண்டு நாள் லீவு' என்று எல்லோரும் ஒரே மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த இரண்டு நாளும் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். செவ்வாய் காலை அறைக்கு வந்து படுத்தால் மதியம் வரை தூக்கம். எழுந்தாலும் தலை ஒரு நிலையில் இருக்காது. புதன்கிழமைதான் ஆள் மாதிரி நடமாடும் நாள். வியாழன் இரவு மறுபடியும் டூட்டி என்றால் அன்று மதியம் திரும்பவும் படுக்க வேண்டும். ஆக, ரோஸ்டரில் இரண்டு ஆஃப், கையில் ஒன்று. சென்னையிலிருந்து காட்பாடி ரயிலில் இரண்டு மணி நேரம், சுமார் 130 கிலோமீட்டர். பக்கம்தானே என்று ஆஃப் தொடங்கியதும் ரயிலேறினால் தூங்க வேண்டிய நேரம் பயணத்தில் போய்விடும். செவ்வாய் தூங்கிவிட்டுப் புதன் காலை கிளம்பி, அன்று இரவு வீட்டில் படுத்து, வியாழன் காலையில் திரும்பி மதியம் அறையில் தூங்குவது எனக்குச் சரியாக வருகிறது. ஸ்டாண்ட்பை நாளில் ஊரில் இருக்கவே முடியாது. ஸ்டாண்ட்பை ஓய்வு இல்லை, ஃபோன் வந்தால் குறித்த நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும். 'வேலூரிலேயே இருந்துகொண்டு போய் வரலாமா' என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

பகல் தூக்கம் என்பது பழகிக்கொள்ள வேண்டிய வேலை. அதிலும் மே மாதம் நம் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் பகலில் தூங்குவது நடக்காத காரியம். கீழ்த்தள அறை, கனமான திரை, முடிந்தால் ஏசி. ஆடி மாதத்தில் தெருவுக்கு ஒரு ஒலிபெருக்கி இருக்கும், அப்போது சென்னையிலேயே தங்கிவிடுவது நல்லது. வீட்டாருக்கும் சொல்லிப் புரிய வைக்க வேண்டும். "நாள் முழுக்க இப்படித் தூங்கினா உடம்பு என்னத்துக்குடா ஆகும்" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். சிஎம்சியில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் எங்கள் தெரு நர்ஸ் அக்கா பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாரே, அது மாதிரிதான் இதுவும் என்று சொன்ன பிறகுதான் காலை பத்து மணிக்குச் சாப்பிட எழுப்புவதை நிறுத்தினார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2013 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவில் பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் யுபிஎஸ் நிறுவனத்தின் ஏ300 சரக்கு விமானம் விடியலுக்கு முன் தரையிறங்கும்போது விழுந்து நொறுங்கி, இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாகச் சொன்னது துணை விமானியின் களைப்பு. ஓய்வுக்குக் கிடைத்த நேரத்தை அவர் தூக்கத்துக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதையும் அதோடு சேர்த்தே எழுதியது. கம்பெனி கொடுக்கும் ஓய்வு ஒரு பக்கம், அதில் நாம் தூங்குவது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை. அதே அமெரிக்காவில் 2009ல் பஃபலோ அருகே நடந்த பயணிகள் விமான விபத்துக்குப் பிறகு களைப்பு பற்றிய புது விதிகள் 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தன. ஆனால் அவை பயணிகள் விமானங்களுக்கு மட்டும்தான், கார்கோவை விட்டுவிட்டார்கள். பயணிகள் விமானப் பைலட்டுக்கு 168 மணி நேரத்தில் 30 மணி நேரத் தொடர் ஓய்வு கட்டாயம் என்றால், அங்கே பல கார்கோ பைலட்டுகளுக்குப் பழைய விதிப்படி ஏழு நாளில் 24 மணி நேரம்தான். தூங்காத உடம்புக்கு, பின்னால் உட்கார்ந்திருப்பது மனிதர்களா பெட்டிகளா என்ற வித்தியாசம் தெரியுமா? இதை நியாயம் என்று என்னால் ஏற்கவே முடியவில்லை.

கார்கோ என்றால் எல்லாம் ஒரே மாதிரி ரோஸ்டர் என்றும் நினைக்க வேண்டாம். கூரியர் சரக்கு தினமும் இரவில் ஓடுவது. மாலையில் பார்சல் சேரும், நள்ளிரவில் ஒரு மைய நிலையத்தில் பிரித்து ஏற்றுவார்கள், விடிவதற்குள் ஊருக்கு ஊர் போய்ச் சேர வேண்டும். நம் பக்கத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷன் போயிங் 757 விமானங்களை இந்த வகை வேலைக்குத்தான் ஓட்டுகிறது. இதில் தரையில் காத்திருக்கும் இடைவெளி முக்கியம். இடைவெளி மூன்று மணி நேரத்துக்கு மேல், பத்து மணி நேரத்துக்குள் என்றால் அதில் பாதியை டூட்டி வரம்போடு சேர்த்து நீட்டிக்க விதி இடம் தருகிறது. அந்த இடைவெளியில் படுக்க நல்ல அறை இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் விசாரிக்கச் சொல்வது. இன்னொரு வகை, கண்டம் விட்டுக் கண்டம் போகும் பெரிய சரக்கு விமானங்கள். அமெரிக்க வாடகைச் சரக்கு நிறுவனங்களில் 17 நாள் தொடர்ந்து வெளியூர், 13 நாள் தொடர்ந்து வீடு என்ற மாதிரி ரோஸ்டர்கள் உண்டு. அந்தப் பதினேழு நாளும் உடம்புக்கு எந்த ஊர் நேரம் என்றே தெரியாது. ஆனாலும் என்னைக் கேட்டால், சொந்த பந்தம், நிலம், வயதான பெற்றோர் என்று ஊரில் வேர் இருக்கும் நம்மவர்களுக்குச் சிதறிக் கிடக்கும் ஆஃப்களை விடத் தொடர்ச்சியாகக் கிடைக்கும் பதிமூன்று நாள் பெரிசு.

நேர்முகத் தேர்வில் என் கையில் ஒரு மாத ரோஸ்டரைக் கொடுத்து, இதில் விதி மீறல் எங்கே என்று கேட்டார்கள். கிராஃப் தாள் பழக்கம் இருந்ததால் மூன்றாவது வாரத்தில் இரண்டாம் இரவு குறைவதைப் பிடிக்க முடிந்தது. உங்களிடமும் கேட்கலாம், தயாராகப் போங்கள். அவர்கள் கேட்டு முடித்த பிறகு நீங்களும் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் வரும்? வார ஓய்வு பெரும்பாலும் காலையில் தொடங்குமா, மாலையிலா? மாதத்தில் ஸ்டாண்ட்பை எத்தனை? ஆஃப் நாளில் வேறு ஊரில் இருந்தால் திரும்பி வரும் பயணம் டூட்டிக் கணக்கில் சேருமா? தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பார்சல் குவியும்போது லீவு கேட்டால் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு அநேகமாக இல்லை என்றுதான் பதில் வரும். அதைச் சேரும்போதே தெரிந்துகொண்டால், தங்கை கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது ஐப்பசியைத் தள்ளித் தை மாதத்தில் வைக்கச் சொல்லலாம்.