அவுட்டோர் போர்ட்ஃபோலியோக்கு ஒரே ஒரு சுவர் போதும்

பிகினர் போட்டோகிராபி கோர்ஸ் முடியற நேரத்துல எல்லாருக்கும் வர்ற தலைவலி இந்த அவுட்டோர் போர்ட்ஃபோலியோதான், அதாவது வெளியில எடுத்த படங்கள்ல தேர்ந்தெடுத்து குடுக்கற தொகுப்பு. கூட படிக்கறவங்க செலக்ட் பண்றத பாத்துட்டு இருக்கேன், ஒரு சன்செட், ஒரு பூ, ஒரு பட்டாம்பூச்சி, ஒரு அருவி, தனித்தனியா பாத்தா எல்லாமே அழகாத்தான் இருக்கு, ஆனா வரிசையா வெச்சா ஆளுக்கு ஒண்ணா பத்து பேர் எடுத்த மாதிரி இருக்கு.

அதனால நான் ஒரே இடத்த பிடிச்சுக்கிட்டேன். நாலஞ்சு மரம், பக்கத்துல ஒரு பழைய செங்கல் சுவர், அவ்ளோதான். போரடிக்கும்னுதான் முதல்ல நெனச்சேன், ஆனா வெயில் பக்கவாட்டுல விழறப்ப ஒவ்வொரு செங்கல்லோட சொரசொரப்பும் எழும்பி நிக்குது, அதே வெயில் நேர் எதிர்ல இருந்து அடிச்சா எல்லாம் தட்டையாயிடுது. மேகம் மூடின நாள்ல நிழலே இல்ல, ஆனா இலையோட பச்சை அவ்ளோ நல்லா வருது. வெளிச்சத்த புரிஞ்சுக்கிட்டோம்னு காட்ட இத விட என்ன வேணும் சொல்லுங்க.

செட்டிங்ஸும் இதே சுவர்ல பழகிடலாம். நல்ல வெயில்னா எஃப் 16 (லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் கொறைஞ்சா துவாரம் பெருசு), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்), ஷட்டர் 1/100 செகண்ட், இது பழைய கணக்கு, வெளிச்சத்த அளக்கற மீட்டரே பாக்காம வொர்க் ஆகும். எஃப் 8க்கு வந்தா ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, வெளிச்சம் கூடும், ஷட்டர 1/400க்கு ஏத்திட்டா சரியாயிடும். காத்துல ஆடுற கிளைய 1/500ல அப்படியே நிறுத்தலாம், கால் செகண்ட் வெச்சா கிளை மட்டும் கலங்கி சுவர் ஷார்ப்பா நிக்கும், கண்டிப்பா டிரைபாட் வேணும். ஆனா நடுவெயில்ல கால் செகண்ட்னா படம் வெள்ளையா போயிடும், ஒண்ணு என்டி ஃபில்டர் (லென்ஸ் முன்னாடி மாட்டி வெளிச்சத்த கொறைக்கற கண்ணாடி) வாங்கணும் இல்ல சூரியன் எறங்கின பிறகு போகணும். நான் ரெண்டாவது கட்சி, காசு மிச்சம்.

சாயங்காலம் எடுக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ (வெளிச்சத்தோட நிறத்த கேமராவே சரி பண்ற செட்டிங்) நம்பாதீங்க, அந்த பொன் நிறத்த தப்புன்னு நெனச்சு கேமரா கொறச்சிடும், டேலைட்ல வெச்சிடுங்க. வெயில்ல பின்னாடி ஸ்க்ரீனயும் நம்ப முடியாது, ஹிஸ்டோகிராம்தான் (படத்துல இருட்டு இடதுலயும் வெளிச்சம் வலதுலயும் எவ்ளோன்னு காட்டற வரைபடம்) உண்மைய சொல்லும், வலது ஓரத்துல போய் முட்டி நிக்குதுன்னா வானத்துல டீடெயில் போச்சு.

கறுப்பு வெள்ளை இயற்கை படங்களுக்கு பேர் போன அமெரிக்க போட்டோகிராபர் ஆன்சல் ஆடம்ஸ், 1927ல அமெரிக்காவோட யோசெமிட்டில ஹாஃப் டோம் பாறைய எடுக்கறப்ப கையில மிஞ்சினது ரெண்டே கண்ணாடி பிளேட்டு, ஒரு பிளேட்டுக்கு ஒரு படம்தான். மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒண்ணு எடுத்துட்டார், ஆனா வானம் அவர் மனசுல இருக்கற அளவுக்கு கறுப்பா வராதுன்னு தோணி, கடைசி பிளேட்ட அடர் சிவப்பு ஃபில்டர்ல எடுத்தார். பேர் வாங்கினது அந்த கடைசி பிளேட்டுதான். நமக்கு மெமரி கார்டுல வேண்டிய அளவுக்கு எடம் இருக்கறதால அந்த யோசனைய எடுக்கறதுக்கு முன்னாடி பண்றதில்ல, எல்லாத்தயும் எடுத்துட்டு வந்து வீட்ல உக்காந்து பண்றோம், அப்பதான் மண்டை காயுது.

இந்த செலக்ஷனுக்கு கம்ப்யூட்டர் எனக்கு சரிப்படல. சின்ன சைஸ்ல மலிவா பிரிண்ட் போட்டு தரையில பரப்பிட்டேன். ரெண்டு படம் ஒரே விஷயத்த சொல்லுதுன்னா ஒண்ணு வெளிய போகணும், பாவமே பாக்கக்கூடாது. ரொம்ப கஷ்டப்பட்டு எடுத்த படத்த தூக்கத்தான் மனசு வராது, ஆனா விடிய முன்னாடி எந்திரிச்சு போனதெல்லாம் படத்துலயா தெரியப்போகுது? சம்பந்தமே இல்லாத ஒருத்தர்கிட்ட காட்டுங்க, கண்ணு எதுல நிக்குது எதத் தாண்டி போகுதுன்னு மட்டும் பாருங்க, வாய்ல சொல்றது எல்லாம் மரியாதைக்கு சொல்றதுதான்.

பிரிண்ட் கேக்கற கோர்ஸா இருந்தா, ஏ4க்கு 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல் வேணும், இப்ப இருக்கற கேமரா எல்லாத்துக்கும் அது சுலபம். சிக்கல் வேற எடத்துல இருக்கு. கேமரால வர்றது பெரும்பாலும் நீளம் 3, அகலம் 2ங்கற 3:2 ஃப்ரேம், ஏ4 அத விட கொஞ்சம் குட்டை, பேப்பர் முழுசா நிரப்பினா நீளப்பக்கம் ஓரம் வெட்டுப்படும். முழு ஃப்ரேமும் வேணும்னா வெள்ளை பார்டர் விட்டுடுங்க. ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு இருக்கறது பேப்பர்ல இருட்டாத்தான் வரும், அதனால மொத்தமா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி நிழல் அதிகமா இருக்கற ஒரு படத்த மட்டும் டெஸ்ட் பிரிண்ட் எடுத்து, பகல் வெளிச்சத்துல வெச்சு பாத்துக்கோங்க.