ஏறும்போது சரி, இறங்கும்போது மக்கர்

செப்டம்பர் 5, 2024, மணாலி

மதுரையிலிருந்து லடாக்கில் இருக்கிற லேவுக்கு பைக்கில் கிளம்பி மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தாகிவிட்டது, மண்டி வரைக்கும் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. 2006 மாடல், 350 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. மண்டி தாண்டி பியாஸ் ஆற்றை ஒட்டி வரும்போதுதான் ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடுகிற ஓட்டம்) சரியில்லை என்று தெரிந்தது. ஆக்சிலேட்டரை விட்டாலும் கொஞ்ச நேரம் தானாக ரேஸ் ஆகிக்கொண்டே நிற்கிறது, அப்புறம் சட்டென்று இறங்கி, சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது. நாற்பது, ஐம்பது வேகத்தில் சீராகப் போகும்போது விட்டுவிட்டு இழுக்கிறது.

லாட்ஜ் வாசலில் பார்த்த நாலு பேரும் சொன்னது ஒன்றுதான்: மலை, காற்று கம்மி, அப்படித்தான் இருக்கும். மணாலி 2,050 மீட்டர்தான். கொடைக்கானலுக்கு இதே வண்டியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அதுவும் கிட்டத்தட்ட இதே உயரம், அங்கே இப்படிச் செய்ததில்லை.

செப்டம்பர் 6, கேலாங்

அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தது. முன்பெல்லாம் ரோதங் கணவாயில் ஏறி இறங்க வேண்டியதை இப்போது கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். உள்ளே சத்தம் சுவரில் மோதித் திரும்புவதால் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிற ஒவ்வொரு மிஸ்ஸிங்கும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. வெளியே காற்றிரைச்சலில் நான் கவனிக்காமல் விட்டது எவ்வளவு என்று அங்கேதான் புரிந்தது.

தாண்டி என்கிற ஊரின் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, ஐந்து லிட்டர் கேனிலும் வாங்கிக்கொண்டேன். அடுத்த 365 கிலோமீட்டருக்கு பங்க் இல்லை என்று அங்கே ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள், மக்கர் செய்கிற வண்டியோடு அதைப் படித்தால் வயிற்றைக் கலக்கும்.

கேலாங்கில் ஒரு மெக்கானிக், கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றலாம் என்றார். மாற்றுவதற்கு முன் ஊரில் நம் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். என்னுடையது ப்ரீபெய்டு சிம், லடாக் எல்லைக்குள் வேலை செய்யாது, பேசுவதென்றால் இங்கேயே பேசிவிட வேண்டும். முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, ஜெட்டுல கைய வைக்காத. மொதல்ல பிளக்கக் கழட்டிப் பாரு. மலைக் கோளாறுன்னா பிளக்கு கருகருன்னு இருக்கணும்" என்றார்.

கழற்றினேன். வெள்ளையாக இருந்தது.

செப்டம்பர் 7, கேலாங்கிலேயே

இன்று கிளம்பவில்லை. மலையேறினால் காற்று மெலிகிறது, கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த மாதிரியே பெட்ரோலைக் கொடுக்கும். அதனால் காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகி, கரி பிடித்து, பிளக் கருக்க வேண்டும். பாலில் கலந்த காபி நிறம் என்றால் சரியான கலவை, வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கிருந்தோ காற்று கூடுதலாக வருகிறது. எல்லாரும் சொன்னதற்கு நேர் எதிர்.

காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கார்புரேட்டரின் அடியில் இருக்கிற ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் வடித்துப் பார்த்ததில் அடியில் தண்ணீர் இல்லை. புது பிளக் போட்டேன், மாற்றமில்லை. பிளக் கேப், ஒயர், டேப்பெட் எல்லாம் சரி. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தருகிற பைலட் ஜெட்டைக் கழற்றி மெல்லிய செம்புக் கம்பி ஒற்றை இழையால் குத்தி ஊதினேன் (இரும்பு ஊசியை விடவே கூடாது, துளை பெரிதாகிவிடும்). மாட்டிய பிறகும் அதே கதை.

மத்தியானம் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சும்மா பார்ப்போம் என்று சோக்கை (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் தருவது) பாதி போட்டேன். மிஸ்ஸிங் மறைந்து கடிகாரம் மாதிரி ஓடியது! சூடான எஞ்சினுக்கு சோக் போட்டால் திணற வேண்டும், அதுவும் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் நிச்சயமாகத் திணற வேண்டும், இது என்னடா என்றால் கூடுதல் பெட்ரோல் கிடைத்ததும் நிம்மதியாகிவிட்டது. ஜெட்டில் அடைப்பில்லை, அப்படியானால் ஏர் லீக்தான். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற ரப்பரைச் சுற்றித் தடவிப் பார்த்தேன், மேலேயும் பக்கத்திலும் ஒன்றுமில்லை, கிளிப்புகளை இறுக்கிவிட்டுப் படுத்தேன்.

செப்டம்பர் 8, சர்ச்சு

ஜிஸ்பா, தார்ச்சா தாண்டி பாரலாச்சா லா கணவாய்க்கு ஏறும் வரை வண்டி அருமையாகப் போனது. கிளிப் இறுக்கியதில் சரியாகிவிட்டது என்றே நம்பினேன். கிட்டத்தட்ட 4,900 மீட்டர், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான், மூச்சு எனக்குத்தான் வாங்கியது. ஆனால் மறுபக்கம் இறங்க ஆரம்பித்ததும் சைலன்சரில் டப் டப் என்று வெடி, நிறுத்தினால் ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது.

ஏறும்போது சரி, இறங்கும்போது மட்டும் ஏன்? இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஏறும்போது ஆக்சிலேட்டர் நிறையத் திறந்திருக்கும், எஞ்சினுக்கு வேண்டிய காற்று கார்புரேட்டர் வழியாகத் தாராளமாகப் போகும், இடுக்கில் நுழைகிற கொஞ்சம் காற்று அதில் ஒரு பொருட்டே இல்லை. போதாததற்கு உயரத்தில் கூடிப்போகிற பெட்ரோலும் அந்தக் காற்றுக்கு ஈடாகிவிடும். இறங்கும்போது ஆக்சிலேட்டர் மூடியிருக்கும், எஞ்சின் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், வாக்குவம் அதிகம், விரிசல் எங்கே இருந்தாலும் அது வழியாக உறிஞ்சும். கேலாங்கில் நான் தடவிப் பார்த்தது கைக்கு எட்டிய இடத்தை மட்டும்.

சர்ச்சுவில் கூடாரத்துக்கு முன்னால் எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, ரப்பரின் அடிப்பக்கமாகப் பீய்ச்சினேன். சர்ரென்று ஒரு சத்தம், ஐடிலிங் உடனே இறங்கியது. இன்னொரு தடவை, அதேதான். கார்புரேட்டரை அடியிலிருந்து கையால் லேசாக மேலே தூக்கினால் விரிசல் மூடிக்கொண்டு எஞ்சின் சீராகிறது, விட்டால் மறுபடி திணறல். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, குளிரில் விரல் மரத்துப்போனதே உறைக்கவில்லை.

பக்கத்தில் நின்ற லாரி டிரைவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன், பழைய டியூப் ஒன்றில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ரப்பரைத் துடைத்துக் காயவைத்து, பஞ்சர் சொல்யூஷன் தடவி, டியூப் பட்டையை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கினேன். ஐடிலிங் ஏறி இறங்காமல் நிலையாக நின்றது.

செப்டம்பர் 9, லே

கட்டா லூப்ஸ் 21 வளைவு, பாங், மோரே சமவெளி, டங்லங் லா 5,328 மீட்டர். டியூப் ரப்பர் பெட்ரோல் பட்டால் உப்பிவிடும் என்பதால் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திக் கட்டைப் பார்த்தேன், ஒரே ஒரு தடவை கம்பியை இறுக்க வேண்டியிருந்தது. டங்லங் லாவிலிருந்து உப்ஷி வரை இறக்கம், சைலன்சரில் ஒரு வெடிகூட இல்லை.

செப்டம்பர் 10, லே

கடைத்தெருவில் புது ரப்பர் கிடைத்தது. பழையதைக் கழற்றி வளைத்தால் அடிப்பக்கம் ஒரு நக நீளத்துக்கு வாய் பிளக்கிறது, கையில் நேராக வைத்தால் கோடு மாதிரிதான் தெரிகிறது. இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் தூரப் பயணத்துக்கு முன் அதைக் கழற்றி வளைத்துப் பாருங்கள், மாட்டிய நிலையில் பார்த்தால் தெரியாது.

புது ரப்பர் போட்டு ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றினேன். கருகரு என்று இருக்கிறது, 3,500 மீட்டரில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. கலவையில் காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்குரூவை அரைச் சுற்று வெளியே திருப்பிவிட்டு, லாட்ஜ்காரர் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கருப்பா இருக்கா?"

"இருக்குண்ணே."

"சரி, மணாலி வந்ததும் ஸ்குரூவ பழைய எடத்துக்கே திருப்பிரு. மறந்துராத."

பெட்ரோல் டேங்கில் டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.