நடுக்கோட்டைத் தொலைத்த மெஷ்

ரீடோபாலஜி, அதாவது 3டி சிற்பத்தின் மேல் சீரான புது வலையை (மெஷ்) வரையும் வேலை, முக்கால்வாசி முடிந்திருக்கும். உதட்டைச் சுற்றிய லூப்கள் (வளையமாக ஓடும் கோடுகள்), கண்குழி, மூக்குச் சிறகு எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் தெரியவரும்: இடது கன்னத்துப் புள்ளியை நகர்த்தினால் வலது கன்னம் அசைவதில்லை. அங்கே கவனிக்காமல் விட்டால், ‘வெயிட் மிரர் ஆகவில்லை’, அதாவது எலும்புகளின் இழுப்பு மறுபக்கத்துக்குப் படியவில்லை, என்ற குறிப்போடு, உருவத்துக்கு எலும்பு பொருத்தும் ரிக்கிங் ஆட்களிடமிருந்து மெஷ் திரும்பி வரும்.

கைவைக்கும் முன் கெட்டது எது என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வெர்டெக்ஸ் (புள்ளி), ஒரே மாதிரி இணைப்பு, இடம் மட்டும் கொஞ்சம் விலகியிருக்கிறது என்றால் அது சின்னக் கோளாறு. ஒரு பக்கத்தில் ஒரு லூப் கூடுதலாக ஓடுகிறது என்றால் எவ்வளவு இழுத்தாலும் சரிவராது. ஒரு பாதியை வெட்டி எறிய வேண்டியதுதான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஸ்டாடிஸ்டிக்ஸை இயக்கிவிட்டு, பாதி பாதியாகத் தேர்ந்தெடுத்து முகங்களின் (வலையின் சிறு பரப்புகளின்) எண்ணிக்கையை ஒப்பிட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எண்ணிக்கை ஒத்துப்போனால் இரு பக்கப் புள்ளிகளையும் சமமாக்க மெஷ் மெனுவில் உள்ள ஸ்னாப் டு சிமெட்ரி போதும். அதில் ஃபேக்டர் 0.5 என்றால் இரண்டு பக்கத்துக்கும் சராசரி எடுக்கும். ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் இருக்கும்போது சராசரி எடுத்தால் நல்லதும் கெட்டுப்போகும். அந்த எண்ணைக் கடைசிவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவது நல்லது.

ஒத்துப்போகாதபோது, குற்றவாளி அநேகமாக நடுக்கோடுதான். சிற்பத்தின் மேல் ஃபேஸ் ஸ்னாப் வைத்து வரையும்போது ஒவ்வொரு புள்ளியும் சிற்பத்தின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சிற்பி சிமெட்ரியை அணைத்துவிட்டு மூக்கை லேசாக வளைத்திருந்தால், நடுப் புள்ளிகளும் அந்த வளைவோடு போய்விடும். மறுபாதியைத் தானே உருவாக்கும் மிரர் மாடிஃபயரில், நடுப் புள்ளிகளைத் தளத்திலேயே பிடித்துவைக்கும் கிளிப்பிங்கை முதல் புள்ளி வைக்கும் முன்பே போட்டிருந்தால் இது நடக்காது.

போடவில்லையா? நடு லூப்பைத் தேர்ந்தெடுத்து, எஸ், எக்ஸ், 0 என்று அழுத்தினால் எல்லாப் புள்ளிகளும் ஒரே தளத்துக்கு வரும். ஆனால் அது அவற்றின் சராசரித் தளம்தான், அச்சின் தளம் அல்ல. அதன்பின் பக்கப் பலகத்தில் எக்ஸ் மதிப்பை 0 என்று தட்ட வேண்டும். இரண்டில் எதையும் விடக்கூடாது. அந்தப் பலகம் காட்டுவது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே நடுமதிப்பு. ஒரு புள்ளி 0.02, இன்னொன்று -0.02 என்று இருந்தாலும் அங்கே 0 என்றுதான் தெரியும். அந்தப் பூஜ்யத்தை நம்பி மோசம்போனவர்கள் நிறைய.

அச்சே தவறாக இருந்தால் மேற்சொன்னது எதுவும் உதவாது. ஆரிஜின் (பொருளின் மையப்புள்ளி) நகர்ந்திருக்கும், அல்லது சுழற்சியும் அளவும் அப்ளை செய்யாமல் (நிரந்தரமாக்காமல்) கிடக்கும். கண்ட்ரோல்-ஏ அழுத்தி முதலில் அதை முடித்துவிட வேண்டும். தலை சாய்ந்த போஸில் சிற்பம் வந்திருந்தால், அதே சாய்வில் ஒரு எம்ப்டியை (வடிவமில்லாத குறிப்புப் பொருளை) வைத்து மிரர் ஆப்ஜெக்டாகக் கொடுக்கலாம். அப்போது நடுத்தளம் எம்ப்டியின் அச்சைப் பின்பற்றும் என்பதால், முன் சொன்ன தந்திரத்தையும் அதே அச்சில்தான் செய்ய வேண்டும். சிற்பம் செதுக்கும் மென்பொருளான இசட்பிரஷில் லோக்கல் சிமெட்ரி மெஷ்ஷின் எல்லைப் பெட்டியின் நடுவையே மையமாகக் கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஒரு கொம்பு சேர்ந்தால் போதும், மையம் நகர்ந்துவிடும்.

அடுத்து, எந்தப் பாதியை வைத்துக்கொள்வது? அழகாகத் தெரிவதை அல்ல. வாய் ஓரத்திலும் கண் முனையிலும் லூப்கள் சரியாகச் சுற்றிவரும் பாதியை. வடிவத்தைப் பிறகு சிற்பத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், லூப்பை அப்படி எடுக்க முடியாது. மற்ற பாதியை நீக்கும்போது நடுத்தளத்தை ஒட்டி உள்ளே நிற்கும் முகங்களையும் தேடி நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மிரர் செய்தபின் தலைக்குள் ஒரு சுவர் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்மூத் செய்யும்போது நடுவில் ஒரு மடிப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

மெர்ஜ் தூரம் (நடுவில் இரு புள்ளிகளை ஒன்றாக்கும் எல்லை) பிளெண்டரில் இயல்பாக 0.001 மீட்டர், அதாவது 1 மில்லிமீட்டர். ஆளுயர உருவத்துக்கு அது பொருத்தம். வேறு மென்பொருளிலிருந்து தலை 2 சென்டிமீட்டராகச் சுருங்கி வந்திருந்தால், மூக்குத் தண்டுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளிகளையும் அது விழுங்கிவிடும். நூறு மடங்கு பெரிதாக வந்திருந்தால் நடுவில் கீறல் அப்படியே நிற்கும்.

இசட்பிரஷ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இணைப்பு சமமாக இருந்தால் நல்ல பக்கத்தை மாஸ்க் செய்துவிட்டு (மாறாமல் பூட்டிவிட்டு), மறுபக்கத்தை அதற்குச் சமமாக்கும் ஸ்மார்ட் ரீசிம் போதும். இணைப்பே உடைந்திருந்தால், ஒரு பாதியைப் பிரதியெடுத்து நடுவில் ஒட்டும் மிரர் அண்ட் வெல்ட். ஆனால் நுணுக்கங்களை மறுபடி புரொஜெக்ட் செய்யும் (மேலே படியவைக்கும்) வேலையும் கூடவே வரலாம்.

சிற்பம் வேண்டுமென்றே கோணலாக இருந்தால் என்ன செய்வது? தழும்பு, ஒருபக்கச் சிரிப்பு, உடைந்த மூக்கு. இங்கே சிமெட்ரியைக் கைவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. மெஷ்ஷைச் சமமாகவே முடித்து, மிரரை அப்ளை செய்துவிட வேண்டும். ஷேப் கீ (அடிப்படை வடிவத்தின் மேல் சேரும் மாற்று வடிவம்) சேர்ந்த பிறகு மிரரை அப்ளை செய்ய முடியாது. பிறகு மெஷ்ஷைச் சிற்பத்தின் பரப்பில் ஒட்டவைக்கும் ஷ்ரிங்க்ராப் போட்டு, அதை ஷேப் கீயாக அப்ளை செய்தால், அடிப்படை வடிவம் சமமாக நிற்கும். கோணல் முழுக்க கீயில் இருக்கும். உதட்டு இடுக்கு, இமை, மூக்குத் துளை ஆகிய இடங்களில் ஷ்ரிங்க்ராப் மேலுதட்டுப் புள்ளியைக் கீழுதட்டில் கொண்டுபோய் ஒட்டும். அந்தப் பகுதிகளை வெர்டெக்ஸ் குரூப் (புள்ளிகளின் தொகுப்பு) வைத்து விலக்கிவிட்டுக் கையால் வைப்பதே வேகம்.

ஷ்ரிங்க்ராப்புக்குப் போகும் முன், சமமான மெஷ்ஷில் திரெஷோல்டை (ஜோடி தேடும் தூரத்தை) மிகக் குறைத்து ஸ்னாப் டு சிமெட்ரியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கீழே எண்கள் வரும்: ஏற்கெனவே சமமானவை, இப்போது சரிசெய்தவை, ஜோடி கிடைக்காதவை இருந்தால் மூன்றாவதாக அவையும். மூன்றாவது எண் வந்தால் நடுக்கோட்டிலிருந்து மறுபடி தேடத் தொடங்க வேண்டும்.