விரல்காரரும் மற்றவர்களும்: 2025 கச்சேரி நாட்குறிப்பு

14 பிப்ரவரி 2025, வெள்ளி. பர்மிங்காம்

டிக்கெட் கிடைத்துவிட்டது. காலையில் விற்பனை திறந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்தவன், கிடைத்தது உறுதியான பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. ஜூலை 5, வில்லா பார்க் கால்பந்து மைதானம். ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத் கடைசியாக ஒருமுறை வாசிக்கப் போகிறது. பாடகர் ஓசி ஆஸ்போர்ன், கிதாரில் டோனி ஐயோமி, பேஸ் கிதாரில் கீஸர் பட்லர், டிரம்ஸில் பில் வார்ட், இந்த நால்வரும் 2005க்குப் பிறகு ஒன்றாக மேடையேறவே இல்லை. நால்வரும் இந்த ஊர்க்காரர்கள். ஓசி வளர்ந்த ஆஸ்டன் லாட்ஜ் ரோடு வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம்.

கோவைக்கு ஃபோன் செய்து அப்பாவிடம் சொன்னேன். "அந்த விரல்காரர் வாசிக்கிறாரா கண்ணு?" என்று கேட்டார். "ஆமாங்கப்பா, அவரேதான்" என்றேன். ஓசியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அப்பா கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது பவர் பிரஸ் இயந்திரம் அவருடைய இடது ஆள்காட்டி விரலை முதல் கணுவரை எடுத்துக்கொண்டது. ஐயோமியின் கதையைக் கல்லூரி நாட்களில் அவருக்குச் சொன்னேன். பதினேழு வயது, தகட்டு ஆலை வேலையில் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பியது அம்மாதான். அன்று ஆள் வராத பிரஸ்ஸில் அவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடு விரலும் மோதிர விரலும் நுனியை இழந்தன. ஐயோமி இடதுகைக்காரர், அதனால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் பழைய தோல் சட்டையின் துண்டை ஒட்டிக்கொண்டு வாசித்தார். மெல்லிய கம்பிகளைப் போட்டுக்கொண்டார். 1971இல் சுதியையும் இறக்கினார். கம்பி தளர்ந்தது, ஒலி கனத்தது. ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்லும் அந்தக் கனத்தில் ஒரு பிரஸ் விபத்துக்கும் பங்கு இருக்கிறது. அப்பாவுக்கு இங்கிலாந்துச் சங்கீதத்தில் மனதில் நின்றது இது ஒன்றுதான்.

7 ஜூன், சனி. லிவர்பூலிலிருந்து திரும்பும் ரயிலில்

ஆன்ஃபீல்டு மைதானத்தில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். காதில் இன்னும் இரைச்சல் அடங்கவில்லை.

எழுபத்தைந்து வயது மனிதர். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழுவதற்குள் அடுத்ததற்கு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். டிரம்ஸில் மேக்ஸ் வைன்பர்க், எழுபத்து நான்கு வயது. நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் ஒரு சுருக்கம் கூடாமல், தச்சர் ஆணி அடிப்பதுபோல அடிக்கிறார். என் இடம் மிகத் தொலைவு. மேடையில் இருந்தவர்கள் கட்டைவிரல் உயரத்தில்தான் தெரிந்தார்கள். ஆனாலும் அந்த அடி ஒவ்வொன்றும் விலா எலும்பில் வந்து விழுந்தது.

இந்தச் சுற்றுப்பயணம் மே மாதம் மான்செஸ்டரில் தொடங்கிய முதல் இரவே அவர் தன் நாட்டு அரசை மேடையிலிருந்து வெளிப்படையாகச் சாடினார். பாடகருக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள் அவருடைய பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். வேலை போன ஆட்களும், மூடிய ஆலைகளும், போரிலிருந்து திரும்பி வந்தவர்களும் அரை நூற்றாண்டாக அந்தப் பாட்டுகளில்தான் வாழ்கிறார்கள்.

கடைசிப் பகுதியில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. எண்பத்திரண்டு வயதில், சொந்த ஊரில், இரண்டு பாட்டு. பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் யாருடைய நினைவில் அழுதார் என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

21 ஜூன், சனி. பர்மிங்காம்

அயர்ன் மெய்டன், யூட்டிலிட்டா அரங்கம். இதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் 2007க்குப் போக வேண்டும்.

மார்ச் 17, பெங்களூரு அரண்மனை மைதானம். எனக்கு இருபது வயது. அத்தனை பெரிய மெட்டல் குழு இந்தியாவுக்கு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அஸ்ஸாமிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் ரயிலில் வந்தவர்களோடு வரிசையில் நின்றேன். கறுப்புச் சட்டையெல்லாம் செம்மண் புழுதியில் காவி நிறமாகிவிட்டன. டெல்லியின் பரிக்ரமா குழுவினர் முதலில் வாசித்தார்கள், அந்த ஆண்டே அவர்கள் இங்கிலாந்தின் டவுன்லோட் இசை விழாவுக்கும் வந்தார்கள். மெய்டன் மேடையேறியபோது நான் கத்திய கத்தலில் மூன்று நாள் குரல் இல்லாமல் போனது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து இன்று அதே ஸ்டீவ் ஹாரிஸ், அதே மாதிரி காலை ஒலிபெருக்கிமேல் வைத்து, பேஸ் கிதாரைக் கூட்டத்தை நோக்கித் துப்பாக்கிபோல நீட்டினார். குழுவின் ஐம்பதாம் ஆண்டுப் பயணம் இது, முதல் ஒன்பது ஆல்பங்களின் பாட்டுகள் மட்டும். ஆனால் டிரம்ஸின் பின்னால் நிக்கோ மெக்பிரெயின் இல்லை. 2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகும் கையை மீட்டெடுத்துச் சுற்றுப்பயணங்களை முடித்துவிட்டுத்தான் சென்ற டிசம்பரில் விலகினார். இப்போது சைமன் டாசன். நன்றாகவே வாசித்தார். நிக்கோவின் அடியில் ஒரு துள்ளல் உண்டு, சுதந்திரமாகத் தாளத்துக்கு முன்னால் ஓடிவிட்டுத் திரும்பும். டாசன் தாளத்தின் மேலேயே நின்றார். பழைய பாட்டுகளுக்கு அது பொருந்தியது என்றுதான் சொல்லுவேன், மனம் ஒப்பாவிட்டாலும்.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் மாலுமிக் கவிதையை வைத்துச் செய்த, பதின்மூன்று நிமிடத்தைத் தாண்டும் பாட்டு வந்தது. நடுவில் எல்லாம் அடங்கி, கப்பலின் மரம் முனகுவது மட்டும் கேட்கும் இடத்தில் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. ஃபோன்களை உள்ளே வையுங்கள் என்று இந்தப் பயணத்துக்கு முன்பே குழுவின் தரப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைச் சுற்றிப் பெரும்பாலானவர்கள் அதற்கு மதிப்பளித்தார்கள். திரையில்லாத முகங்களின் கூட்டத்தை எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறேன்! தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்ட பாடகர் புரூஸ் டிக்கின்சன் உச்சிக்குரலுக்குப் போகும்போதெல்லாம் நான் கையை இறுக்கிக்கொண்டேன். ஒரு தடவைகூட அவர் வழுக்கவில்லை.

6 ஜூலை, ஞாயிறு. விடியற்காலை

தூக்கம் வரவில்லை. நேற்று நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு மாஸ்டடன் தொடங்கினார்கள். அதன்பிறகு இரவு பத்தைத் தாண்டும்வரை இடைவெளி மிகக் குறைவு. மேடை சுழலும் மேடை, ஒரு குழு முன்னால் வாசிக்கும்போது அடுத்த குழு பின்னால் தயாராகும். ஆந்திராக்ஸ், லாம்ப் ஆஃப் காட், ஆலிஸ் இன் செயின்ஸ், கொஜீரா, பான்டெரா, டூல், ஸ்லேயர், கன்ஸ் அன்ட் ரோஸஸ், மெட்டாலிக்கா. தனித்தனியாக மைதானங்களை நிரப்பும் குழுக்கள் சில பாட்டுகளோடு இறங்கிப் போனார்கள். யாரும் தன் பெருமை பேசவில்லை. எல்லோரும் கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வந்த சொந்தக்காரர்கள்போல நடந்துகொண்டார்கள்.

நடுவே ஓர் இளைஞர், யங்பிளட். சபாத்தின் பழைய மெதுவான பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அவரைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. நேற்று மாற்றிக்கொண்டேன். கூட்டம் முழுவதையும் அந்தப் பாட்டுக்குள் இழுத்து, கடைசி வரியை எங்களிடம் விட்டுவிட்டார்.

இருட்டத் தொடங்கியபோது ஓசி வந்தார். மேடையின் அடியிலிருந்து கறுப்புச் சிம்மாசனம் மெல்ல எழுந்தது. 2019இல் விழுந்து முதுகெலும்பு கெட்டது, 2020இல் தனக்கு நடுக்குவாதம் என்று வெளியே சொன்னார், அதன்பிறகு நடப்பதே பெரும்பாடு. ஆறு ஆண்டுகளாகக் கிடந்துவிட்டேன், இந்த மேடைக்கு வந்தது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றார். முகத்தில் பள்ளிப் பிள்ளையின் சிரிப்பு. எழுந்து நிற்க முயல்வதும், உடம்பு விடாமல் அமர்வதும், கைதட்டச் சொல்லிக் கைகளை ஆட்டுவதுமாக இருந்தார். வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்ற அந்த மெதுவான பாட்டில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தை மைதானம் பாடி நிரப்பியது. நாற்பதாயிரம் பேருக்கு மேல் இருப்போம். என் முன்னால் நின்ற, கழுத்துவரை பச்சை குத்திய பெரிய மனிதர் தன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர்கள் நால்வரும். அபாயச் சங்கு ஊளையிட்டது, போர்வெறியர்களைப் பற்றிய பாட்டு தொடங்கியது. மொத்தம் நான்கே பாட்டுகள். நான் ஐயோமியின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய திரையில் அந்த இரண்டு விரல்களின் தொப்பிகள் தெரிந்தன. அவர் அவசரப்படுவதில்லை. ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தி, அது எடையோடு கீழே உட்காரும்வரை காத்திருந்து, அடுத்ததற்குப் போகிறார். கீஸரின் பேஸ் அதன் அடியில் குழைந்து ஓடுகிறது. பில் வார்ட் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தார். எழுபத்தேழு வயது மார்பு, எலும்பு தெரிய, வியர்வையில் மின்னியது. அடி சில இடங்களில் தளர்ந்தது, நால்வரும் சில இடங்களில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். எந்திரம்போல ஒட்டிய வாசிப்பு வேண்டுமென்றால் மதியம் வந்த இளையவர்களிடம் கிடைத்தது. நேற்று நான் கேட்டதை வேறெங்கும் கேட்டதில்லை. அந்த ஒலியை முதன்முதலில் உண்டாக்கிய கைகள், அது பிறந்த தெருவுக்கு அருகிலேயே, அதை எங்கள் எதிரில் கடைசி முறையாகச் செய்துகொண்டிருந்தன.

வாணவேடிக்கை. முடிந்தது. வருமானம் நடுக்குவாத ஆராய்ச்சிக்கும், இந்த ஊர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்துக்கும் போகிறது.

நேரலை இரண்டு மணி நேரம் தாமதமாக இணையத்தில் ஓடியது. அண்ணன் மகன் பணம் கட்டியிருந்தான். கோவையில் அப்போது விடியற்காலை நாலரை, அப்பா எப்படியும் எழுந்திருக்கும் நேரம். இப்போதுதான் அழைத்தார். "உட்கார்ந்து பாடுகிறவருக்கு என்ன கண்ணு உடம்பு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விரல்காரர் விரலைப் பார்த்தேன்" என்றார்.

11 ஜூலை, வெள்ளி. மான்செஸ்டர்

ஓயஸிஸ் ராக் குழு, ஹீட்டன் பார்க். டிக்கெட் இல்லை. சென்ற ஆண்டு விற்பனை நாளில் வரிசையில் காத்திருக்கும்போதே விலை ஏறிக்கொண்டே போனது, விட்டுவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ரசிகனின் ஆசையை அளந்து விலை வைப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஆனாலும் வந்தேன். பூங்காவுக்குள்ளேயே ஒரு மேடு, அதன்மேல் என்னைப்போல டிக்கெட் இல்லாதவர்கள் திருவிழாக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். 2009இல் பாரிஸில் பிரிந்த, குழுவின் அண்ணன் தம்பி நோயல், லியாம் இருவரும் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த ஊரில். மேடை சிறியதாகத் தெரிந்தது, ஒலி காற்றுக்கு ஏற்ப வந்து போனது. லியாமின் குரல் மட்டும் கிழியாமல் வந்து சேர்ந்தது. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் போர்வையில் எனக்கும் இடம் கொடுத்தது. பத்து வயதுப் பெண் எல்லாப் பாட்டுக்கும் ஒரு சொல் தவறாமல் பாடினாள்.

23 ஜூலை, புதன்

ஓசி நேற்று காலமானார். அந்த மேடையிலிருந்து இறங்கிப் பதினேழு நாட்கள். அப்பா எனக்கு முன்பே செய்தி கேட்டு அழைத்தார். என்னால் சரியாகப் பேச முடியவில்லை.

30 ஜூலை, புதன்

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிராட் ஸ்ட்ரீட் போனேன். கால்வாயின் மேலுள்ள பிளாக் சபாத் பாலம் முழுக்கப் பூ. நால்வர் முகமும் பொறித்த பெஞ்சின்மேல் பூங்கொத்துகளுக்கு நடுவே கடிதங்களும். சவ ஊர்தியின் முன்னால் உள்ளூர்ப் பித்தளை வாத்தியக் குழு சபாத் பாட்டுகளை வாசித்துக்கொண்டு நடந்தது. கனத்த கிதார் வரிகளைக் குழல்களில் கேட்டபோது, நம் ஊரில் பெரியவர்களைக் கொட்டுமுழக்கோடு வழியனுப்புவது நினைவுக்கு வந்தது. பாலத்தில் வண்டி நின்றது. குடும்பத்தார் இறங்கி மலர் வைத்தார்கள். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூவியது.

22 நவம்பர், சனி. லண்டன்

ரேடியோஹெட் ராக் குழு, ஓ2 அரங்கம். 2018க்குப் பிறகு இந்த மாதம்தான் மீண்டும் பயணம் கிளம்பியிருக்கிறார்கள். மேடை நடுவில், கூட்டம் சுற்றிலும். ஒவ்வோர் இரவும் பாட்டு வரிசையை மாற்றுகிறார்கள். நுட்பம், அழகு, பிசிறில்லாத ஒலி எல்லாம் இருந்தன. மனம் மட்டும் இன்னும் ஜூலையிலேயே நிற்கிறது, அதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

28 டிசம்பர், ஞாயிறு. கோவை

விடுமுறைக்கு வந்திருக்கிறேன். இந்த ஆண்டில் எது சிறந்தது என்று அண்ணன் மகன் கேட்டான். வாசிப்பு என்று பார்த்தால் மெய்டன். உடம்பில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் போகும் உழைப்புக்கு ஸ்பிரிங்ஸ்டீன். ஆனால் வேறு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து ஒரே ஒரு மாலையைத் திரும்ப வாங்கலாம் என்றால், வில்லா பார்க்தான்.

அப்பா இப்போது பட்டறையை ஓட்டுவதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து உட்கார்ந்திருப்பார். என்னிடம் வேறு கேள்வி வைத்திருந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி அந்த விரல் தொப்பியை ஐயோமி எப்படிச் செய்தார்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உருக்கி உருண்டையாக்கி, ஆறவிட்டு, சூடான சால்டரிங் அயர்னால் துளை போட்டு, விரலுக்குச் சேரும்வரை உப்புத்தாளால் தேய்த்தார்.

"ஆறின பிறகுதானே துளை போட்டார்?"

"ஆமாங்கப்பா."

"அப்படித்தான் செய்ய வேண்டும்" என்றவர், நுனி போன தன் விரலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே எழுந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் சால்டரிங் அயர்னைத் தேடத் தொடங்கினார்.