மணி அடிக்காத பாட்டிகள்

ஓயாமல் மணி அடித்து எங்கள் உயிரை வாங்குகிற நோயாளிகள் வார்டில் விழுவதில்லை. தலையணை சரிந்துவிட்டது, காற்றாடியைக் குறை, மைலோ ஆறிவிட்டது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறவர்கள் பத்திரமாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். விழுகிறவர்கள் நல்லவர்கள். "பாவம் புள்ளைங்க, ராத்திரியெல்லாம் ஓடிக்கிட்டே இருக்குதுங்க, இதுக்குப் போயி எதுக்குக் கூப்பிடணும்" என்று தானே எழுந்து கழிவறைக்கு நடக்கிற பாட்டிகள். பினாங்கில் இத்தனை வருஷம் தாதியாக வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு இதற்குள் அடங்கிவிடும்.

செப்டம்பர் 17-ஐ உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் நோயாளிப் பாதுகாப்பு நாளாக அனுசரிக்கிறது. அதற்கென்று ஆரஞ்சு நிறம். நாங்களும் ஆரஞ்சு பதாகை கட்டுவோம், புதிர்ப்போட்டி வைப்போம், எல்லாருக்கும் பொட்டலம் நாசி லெமாக் கிடைக்கும். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, சம்பால் நன்றாகவே இருக்கும். ஆனால் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது அந்த நிறுவனம் தரும் ஒரு கணக்கைத்தான். மருத்துவமனைக்குள் நோயாளிக்கு நேரும் அசம்பாவிதங்களில் அடிக்கடி நடப்பது கீழே விழுவது. ஒரு கட்டிலில் ஒரு நோயாளி ஒரு நாள் இருப்பது ஒரு படுக்கை நாள். ஆயிரம் படுக்கை நாளுக்கு 3 முதல் 5 முறை. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காயத்தில் முடிகிறது. 28 கட்டில் உள்ள வார்டு வருஷம் முழுக்க நிறைந்திருந்தால் பத்தாயிரத்துச் சொச்சம் படுக்கை நாள் ஆகும். அப்படியானால் வருஷத்துக்கு 30 முதல் 50 பேர் விழலாம். வயிற்றுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்கிற செய்திதான் வாட்ஸ்அப்பில் சுற்றும். கழிவறை வாசலில் இடுப்பெலும்பு உடைந்த பாட்டியைப் பற்றி யாரும் பகிர்வதில்லை.

எங்கள் வார்டில் எனக்குப் பயமான நேரம் விடியற்காலை நாலு மணி. இரவுப் பணியில் ஆள் குறைவு. இருக்கிறவர்களும் ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, படுக்கையோடு கிடப்பவர்களைத் துடைத்துவிடுவது என்று தொடங்கியிருப்பார்கள். நம் பாட்டிகள் கண் விழிப்பதும் சரியாக அப்போதுதான். நிபோங் திபால் பக்கத்திலோ கெடாவிலோ ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள் இவர்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போக நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்து, இருட்டில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த கழிவறைக்குப் போய் வந்த உடம்பு. தோட்டத்தை விட்டு பிறையில் பிளாட்டுக்குக் குடிவந்து முப்பது வருஷம் ஆனாலும் அந்த உடம்புக்கு நாலு மணி என்றால் நாலு மணிதான். அதுவும் யாரையும் எழுப்பாமல், சத்தம் போடாமல், விளக்குப் போடாமல்.

அந்த நேரத்தில் அவர் கட்டிலை விட்டு இறங்கும்போது எத்தனை விஷயம் ஒன்றுசேர்கிறது பாருங்கள். இதயம் பலவீனம் என்று ஃபுரோசமைட் கொடுத்திருப்பார்கள், நம் ஆட்கள் சொல்கிற ஒன்னுக்குப் போற மாத்திரை. இரண்டாவது வேளை மாத்திரையை மதியம் இரண்டு மணிவாக்கில் கொடுத்துவிட்டால் ராத்திரி தூங்குவார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கொடுத்தால், அவரைக் கழிவறைக்கு விரட்டுவது நாம்தான். அடுத்தது ரத்த அழுத்தம். படுத்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தாலோ கீழ் அளவு 10 குறைந்தாலோ அவருக்கு நின்றதும் தலை சுற்றும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். மருந்தும் காய்ச்சலும் உடம்பில் நீர் குறைந்திருப்பதும் இதைக் கூட்டும். தாத்தாக்களுக்கு மூத்திரம் தடையில்லாமல் போகக் கொடுக்கும் பிரசோசின், டாம்சுலோசின் இரண்டுமே இந்த வேலையைச் செய்யக்கூடியவை. படுத்த நிலையில் பிரஷர் பார்த்து 130 என்று எழுதிவிட்டுப் போனால் இது தெரியவே தெரியாது. நிற்க வைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

அப்புறம் கையில் டிரிப். அதை மாட்டிய கம்பியின் சக்கரம் ஒன்று எப்போதும் வேறு திசைக்குப் போகும். மருத்துவமனை சாரோங் யார் இடுப்பில் நிற்கும் என்று தைத்தார்களோ, எங்கள் பாட்டிகளின் இடுப்பில் நிற்காது, கால் விரலில் மாட்டும். அடி தேய்ந்த ஜப்பான் சிலிப்பர். குளித்ததும் கழுத்தில் கொட்டிய பவுடரில் பாதி தரையில். சாயங்காலம் மகள் பாசத்தோடு பாதத்தில் தேய்த்துவிட்டுப் போன நல்லெண்ணெய். கடைசியில் கழிவறைத் தரை. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யாராக இருந்தாலும் இந்த நாட்டில் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுகிறோம், எங்கள் கழிவறைத் தரை காய்ந்திருக்கும் நேரமே குறைவு. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் வரும் காய்ந்த குளியலறையை நினைத்துக்கொண்டு இங்கே பாதுகாப்புத் திட்டம் எழுதக்கூடாது என்பது என் நீண்ட நாள் வாதம்.

யார் விழக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பெண் போட மோர்ஸ் அளவுகோல் இருக்கிறது. ஆறு கேள்விகள்தான். முன்பு விழுந்திருந்தால் 25, டிரிப் ஓடினால் 20 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும், மொத்தம் 125. பல இடங்களில் 45-ஐத் தொட்டாலே ஆபத்து அதிகம் என்று கணக்கு. அதில் எனக்குப் பிடித்தது, கைத்தடி பிடித்து நடந்தால் 15 என்றும், மேசை, கட்டில், சுவர் என்று கிடைத்ததைப் பிடித்து நடந்தால் 30 என்றும் போட்டிருப்பது. முழு அளவுகோலிலும் ஒரே பதிலுக்குக் கிடைக்கும் பெரிய எண் அதுதான். "எங்க அம்மா தடி இல்லாமலே நடப்பாங்க மிஸ்ஸி, சும்மா அங்கங்க புடிச்சிக்குவாங்க" என்று மகன் பெருமையாகச் சொல்லும்போது நான் மனதுக்குள் 30 போட்டுவிடுவேன்.

ஆனால் மதிப்பெண் போட்டு, கட்டில் தலைமாட்டில் மஞ்சள் அட்டை தொங்கவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை. அந்த அட்டை பாட்டியைப் பிடித்துக்கொள்ளாது. "மணி அடிங்க" என்று சொல்லிவிட்டோம் என்பதும் அப்படித்தான். அதை எப்போது சொன்னோம்? அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம் காத்திருந்து, களைத்து வந்து படுத்த முதல் பத்து நிமிடத்தில், கையெழுத்து, ஐசி என்கிற அடையாள அட்டை, ஒவ்வாமை என்ற கேள்விகளுக்கு நடுவில், பெரும்பாலும் மலாயில். பாட்டிக்குத் தெரிந்த மலாய் சந்தையில் மீன் விலை கேட்கும் மலாய். தலையாட்டியிருப்பார். புரியாததற்குத் தலையாட்டுவது பெரியவர்களுக்கு முன்னால் காட்டும் மரியாதை என்று பழகியவர், வெள்ளைச் சீருடைக்கு முன்னாலும் அதையே செய்வார்.

விழுந்தவர்களிடம் அப்புறம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஏன் பாட்டி கூப்பிடவில்லை? "ஒரே ஒரு எட்டுதானே தாயி." இல்லாவிட்டால், "நீ அந்தச் சீனக்கிழவிக்கு மருந்து கொடுத்துக்கிட்டிருந்த." எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே கூப்பிடச் சொல்வதை விட்டுவிட்டு, கூப்பிடுவதற்கு முன்னால் நாம் போவதுதான் வழி. மணிக்கு ஒருமுறை தாதி கட்டில் கட்டிலாகப் போய், கழிவறை, வலி, படுத்திருக்கும் நிலை, வேண்டிய சாமான் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்து வந்தால் மணி அடிப்பதும் குறைகிறது, விழுவதும் குறைகிறது என்று அமெரிக்காவில் 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆள் பற்றாக்குறையில் மணிக்கொரு முறை நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் நடக்காது. ஆபத்து அதிகம் உள்ள ஐந்தாறு பேருக்கு, முக்கியமாக மூன்றரை மணிக்கு, நடக்கும். விழுந்த ஒருவருக்காக டாக்டரைக் கூப்பிட்டு, எக்ஸ்ரேக்கு அனுப்பி, தலையில் அடியா என்று திரும்பத் திரும்பக் கண் பார்த்து, அறிக்கை எழுதும் நேரத்தைக் கணக்குப் போட்டால் இது லாபம்.

கேட்கும் விதமும் முக்கியம். "கழிவறைக்குப் போகணுமா பாட்டி?" என்றால் "வேணாம்மா" என்ற பதில் நாக்கு நுனியில் இருக்கும். நான் அப்படிக் கேட்பதில்லை. கமோட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், சக்கரத்தைப் பூட்டிவிட்டு, "வாங்க பாட்டி, போயிட்டு வந்துருவோம்" என்பேன். வந்துவிடுவார்கள். என்னோடு வேலை செய்யும் மலாய்ப் பிள்ளைகள் இப்போது "வாங்க பாட்டி, போவோம்" என்று தமிழில் சொல்லப் பழகிவிட்டார்கள். உச்சரிப்புக்கு நான் உத்தரவாதம் இல்லை, பலன் இருக்கிறது.

தாத்தாக்கள் வேறு ரகம். பெண் பிள்ளை முன்னால் பாட்டிலில் போகக் கூச்சம். திரையை முழுக்க மூடி, பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, திரைக்கு வெளியே நின்று பக்கத்துக் கட்டில்காரரோடு பேச்சுக் கொடுத்தால் பாதிக் கூச்சம் போய்விடும். ஆனால் திரையை விட்டுப் போய்விடக்கூடாது.

"பேம்பர்ஸ் போட்டுவிடுங்க மிஸ்ஸி, அப்ப எழுந்திரிக்க மாட்டாங்க" என்று வீட்டார் கேட்பதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. தன் சுயநினைவோடு நடக்கக்கூடிய மனுஷிக்கு அதைப் போட்டால், அவர் அதைக் கழற்றப் பார்ப்பார், ஈரத்தோடு இறங்கி வழுக்குவார், தோல் புண்ணாகும். நடப்பதை நிறுத்திய காலும் சீக்கிரமே பலம் இழக்கும். கட்டிலின் பக்கக் கம்பியும் இப்படித்தான். குழப்பத்தில் இருக்கும் நோயாளி கம்பியைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார், கட்டில் உயரத்தோடு கம்பி உயரமும் சேர்ந்து விழுவார். கட்டிலைத் தரையோடு தரையாக இறக்கி வைப்பது பல நேரம் அதைவிட நல்லது.

மலேசியாவில் 2013-இல் சுகாதார அமைச்சு நோயாளிப் பாதுகாப்புக்கு 13 இலக்குகள் வைத்தது, விழுவதைக் குறைப்பது அதில் ஒன்று. 2021-இல் அவற்றை ஏழாகச் சுருக்கினார்கள், இது அப்போதும் இருந்தது. நடந்ததை அறிக்கையாக எழுதி அதிலிருந்து கற்பதும் அந்த ஏழில் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யாராவது விழுந்தால் முதல் கேள்வி "யார் டியூட்டி?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்வி இருக்கும் இடத்தில், காயம்படாமல் விழுந்தவர்கள் எல்லாம் தாளில் விழாதவர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு வார்டில் வருஷம் முழுக்க ஒருவர்கூட விழவில்லை என்று பலகையில் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். எந்தக் கழிவறை, எத்தனை மணி, காலில் என்ன, கடைசி மாத்திரை எப்போது என்று எழுதி வைத்தால்தான் ஒரே கதவருகில் மூன்று பேர் வழுக்கியது தெரியவரும்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் ஒன்றிரண்டு கேட்டுக்கொள்கிறேன். பாட்டியின் கண்ணாடியையும் காதுக்கருவியையும் "தொலைஞ்சிடும்" என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையிலிருந்து நேரே வார்டுக்கு வந்து விபூதி பூசிவிட்டு, பழத்தோடு கைத்தடியையும் காரில் ஏற்றிக்கொண்டு போன குடும்பத்தை எனக்குத் தெரியும். நீங்கள் உட்கார நகர்த்திய மேசையை, இறக்கிய கம்பியை, தள்ளிவைத்த மணியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கிளம்பும்போது எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொண்டுவருவதென்றால் குதிகாலை மூடிய, ரப்பர் அடி உள்ள செருப்பைக் கொண்டுவாருங்கள். வெறும் காலுறை டைல்ஸில் சறுக்கும். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை, தமிழ் மருந்து உட்பட, பையோடு கொண்டுவந்து காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் விழுந்தால், வெளியில் வீக்கமே இல்லாவிட்டாலும் மண்டைக்குள் கசியலாம். டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது அது.

வீட்டுக்குப் போன பிறகும் நாலு மணி வரத்தான் செய்யும். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஒரு பாட்டியை அனுப்பும்போது, குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்துங்கள் என்று மகனிடம் சொன்னேன். "துண்டு போடுற கம்பி இருக்கே மிஸ்ஸி, அதையேதான் புடிச்சிக்கிறாங்க" என்றார். துண்டுக் கம்பி துண்டின் எடைக்குப் போட்டது, வீட்டுக்குப் போனதும் நீங்களே உங்கள் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள் என்றேன். அடுத்த மாதம் கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிவந்தவர் என்னைத் தேடிக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்தார். கம்பி கையோடு வந்துவிட்டதாம், கூடவே இரண்டு டைல்ஸும். பிடிமானக் கம்பி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.